டெதர்டு கார்டு (கட்டுண்ட தண்டுவடம்), 4 வயசு, 14 கிலோ: ட்யூப் போட்ட பிறகு தசை தளர்த்தும் மருந்து (ரிலாக்சன்ட்) தொடரலாமா?

திருநகர்_பிஜி

எல்லோருக்கும் வணக்கம். தேர்வுக்காக நானே கட்டிய கேஸ் இது, நிஜ நோயாளி இல்லை. நாலு வயசுப் பெண் குழந்தை, 14 கிலோ. இடுப்புக்குக் கீழே முதுகின் நடுக்கோட்டில் மெத்தென்று ஒரு கொழுப்புக் கட்டி, அதன்மேல் கொஞ்சம் முடி. இடது பாதம் வலதைவிடச் சின்னது. மூத்திரம் எந்நேரமும் சொட்டுகிறது. இடுப்பு முதுகெலும்பின் எல்1, எல்2 மட்டத்தில் முடிய வேண்டிய தண்டுவட நுனி, எம்.ஆர்.ஐ.யில் எல்4 வரை இறங்கி நிற்கிறது. கொழுப்பைக் குறைத்து, தண்டுவட நுனியைக் கீழே கட்டி இழுக்கும் தடித்த நாரை (ஃபைலம்) வெட்டி, தண்டை விடுவிக்க வேண்டும்.

என் திட்டம்: செவோ என்ற மயக்க வாயுவில் தூங்க வைத்து லைன் போடுவது, வலிக்கு ஃபென்டனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், ரிலாக்சன்டாக அட்ராகூரியம் கிலோவுக்கு 0.5 மி.கி., 4.5 கஃப் ட்யூப் உதட்டில் 14 செ.மீ. பிறகு செவோ 1 மேக் (மயக்க வாயுவின் வீரிய அளவு), 20 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ராகூரியம் டாப்-அப். டாப்-அப் கொடுத்தால் ஃபெயில் என்கிறான் அறைத் தோழன். கொடுக்காமல் குழந்தை அசைந்துவிட்டால் அதுவும் ஃபெயில்தானே?

வைகைக்கரை_மயக்கவியல்

தோழன் சொல்வது சரி, தம்பி. காரணம் தெரியாமல் மனப்பாடம் பண்ணினால் எக்ஸாமினர் அடுத்த கேள்வியில் பிடித்துவிடுவார்.

தண்டுவட உறையான டூராவைத் திறந்ததும் சர்ஜன் பார்ப்பது ஒரு கொத்து நூல். அதில் ஃபைலமும் உண்டு, அதை ஒட்டியே எஸ்2, எஸ்3, எஸ்4 நரம்பு வேர்களும் உண்டு. மூத்திரப்பைக்கும் மலவாய்க்கும் போவது அந்த வேர்கள்தான். ஒவ்வொரு நூலையும் ப்ரோபால் தொட்டுக் கொஞ்சம் கரண்ட் கொடுப்பார். நரம்பாக இருந்தால் அதற்குரிய தசை துடிக்கும். துடிக்கவில்லை என்றால்தான் வெட்டலாம். நரம்பும் தசையும் சேரும் இடத்தை ரிலாக்சன்ட் அடைத்துவிடும். அப்போது நல்ல எஸ்3 வேரும் ஃபைலம் மாதிரி ஊமையாகவே இருக்கும், கத்திரி அதன்மேல் விழும். உன் டாப்-அப்பின் விலை அது.

ட்யூபுக்கான ஒரு டோஸில் தப்பில்லை. 14 கிலோவுக்கு 7 மி.கி., அதாவது 0.7 மி.லி. முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். குப்புறத் திருப்பி, துடைத்து, டிரேப் போட்டு, தோல், தசை, எலும்பு தாண்டி டூராவுக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

செவோ 1 மேக்கும் வேண்டாம். நூலைத் தொட்டுப் பார்க்கும் ஈ.எம்.ஜி. செவோவைத் தாங்கும். மூளையிலிருந்து காலுக்குச் சமிக்ஞை அனுப்பிப் பார்க்கும் எம்.ஈ.பி. தாங்காது. குழந்தைக்கு அந்தப் பாதை முழுதாக முதிராததால் சிக்னல் முன்னமே பலவீனம். ஊசிவழி மயக்க மருந்தான ப்ரோபோஃபால் பம்புக்கு மாறு. நைட்ரஸ் கிட்டவே வேண்டாம்.

கணக்கு சுலபம். 1 சதவீத ப்ரோபோஃபாலை மணிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. கொடுக்க, பம்பில் குழந்தையின் எடையையே மி.லி.யாகப் போடு. 14 கிலோவுக்கு மணிக்கு 14 மி.லி. முதல் கால் மணி நேரம் 15 மி.கி. வேகம், அடுத்த கால் மணி 13, பிறகு ஒரு மணி நேரம் ஆகும்வரை 11, இரண்டாவது மணி நேரம் 10, அதற்குப் பிறகு 9. ஃபென்டனிலும் ஓடினால் இதிலும் குறைக்கலாம். வேகத்தை இறக்க மறந்தால் குழந்தை எழ ஒரு யுகம் ஆகும்.

பழங்காநத்தம்_ஜிஏ

வைகைக்கரை அண்ணே, புத்தகத்துக்கு எல்லாம் சரி. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, டூரா திறந்த நிலையில், குழந்தை ஒரு இருமல் இருமினால்? வேரைப் பிடித்திருக்கும் ஃபோர்செப்ஸ் அப்படியே இழுபடும். மானிட்டரிங் மெஷினே இல்லாத இடத்தில் இந்த ரிஸ்க் எதற்கு? ரிலாக்சன்ட் கொடுத்து அசையாமல் வைப்பதுதான் சேஃப் என்பேன்.

தண்டுவடம்_தெற்கு

கத்தி பிடிக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மெஷின் இல்லாவிட்டாலும் ரிலாக்சன்ட் வேண்டாம். கையில் பிடிக்கும் நரம்புத் தூண்டி போதும். டிரேப்புக்குள் ஒருவர் கெண்டைச்சதையில் கை வைத்திருந்தால் எஸ்1 துடிப்பு தெரியும். ஃபைலத்துக்குக் கண்ணடையாளமும் உண்டு: நடுவில் பின்பக்கமாக இருக்கும், வேர்களைவிட வெள்ளையாக இருக்கும், மேலே வளைந்து நெளிந்து ஒரு ரத்தக்குழாய் ஓடும்.

ஆனால் இந்தக் கேஸில் இருப்பது வெறும் ஃபைலம் இல்லை. வேர்களே கொழுப்புக்குள் புதைந்திருக்கும், கண்ணடையாளம் அங்கே கைகொடுக்காது. எஸ்3, எஸ்4-ஐ கெண்டைச்சதையில் கை வைத்தும் பிடிக்க முடியாது. இப்படிக் கொழுப்புக் கட்டி (லைபோமா) என்றால் மெஷின் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் முறை. திட்டமிட்டுச் செய்யும் கேஸ்தானே, ஒரு வாரம் தள்ளினால் குடி முழுகிவிடாது. கால் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிற குழந்தை என்றால் கதை வேறு.

முதுகுத் தசையை எலும்போடு ஒட்டி உரித்து ரிட்ராக்டர் போட்டுவிட்டால், அது தளர்ந்ததா விறைத்ததா என்பது எனக்குப் பொருட்டில்லை. எனக்கு வேண்டியது ஒன்று. "டூரா திறக்கிறேன்" என்று நான் சத்தமாகச் சொன்னதும், "ட்ரெயின் ஆஃப் ஃபோர் நாலுக்கு நாலு" என்று, அதாவது நரம்பை நாலு முறை தூண்டியதில் தசை நாலு முறையும் துடித்தது என்று, தலைமாட்டிலிருந்து பதில் வர வேண்டும். வராமல் திறக்கக் கூடாது.

நரம்பலை

அந்த ட்ரெயின் ஆஃப் ஃபோரை எங்கே பார்ப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக் கட்டைவிரலில். இந்தக் குழந்தையின் இடது கால் ஏற்கெனவே சூம்பியிருக்கிறது. காலில் பார்த்தால் மருந்தின் விளைவையும் நோயின் விளைவையும் பிரிக்க முடியாது.

ஊசி எலக்ட்ரோடு போடும் இடங்கள்: இரு பக்கமும் தொடை முன்தசை, முழங்கால் கீழ் முன்பக்கம், கெண்டைச்சதை, பெருவிரலை விலக்கும் பாதத்தசை, மலவாய்ச் சுருக்குத்தசை. மலவாய் ஊசிகள் திருப்பும்போது கழன்றுவிடும், அதனால் குப்புறப் போட்ட பிறகு குத்துவது நல்லது. பிளாஸ்டர் ஒட்டும் முன் அந்த இடம் உலர்ந்திருக்க வேண்டும்.

இனி முக்கியமானது. நூலைத் தொட்டோம், ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. இதற்குக் காரணம் அது நரம்பு இல்லாதது மட்டும்தானா? ரிலாக்சன்ட் மிச்சம் இருக்கலாம், ஊசி கழன்றிருக்கலாம், ப்ரோப் நுனியில் தண்டுவட நீர் தேங்கி கரண்ட் பக்கவாட்டில் ஒழுகலாம். அதனால் சந்தேக நூலைத் தொடும் முன், நிச்சயமாக நரம்புதான் என்று தெரிந்த ஒரு வேரைத் தொட்டு, துடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முதல் "ஆம்" கிடைக்காமல் வரும் "இல்லை"க்கு மதிப்பே கிடையாது. ஃபைலம் என்று முடிவு செய்யும் முன், வேர் துடித்த கரண்டைவிடப் பல மடங்கு கூட்டியும் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்சாரத்தால் சுடும் டயதெர்மி ஓடும்போது ஸ்கிரீன் குருடு. குளிர்ந்த சலைன் ஊற்றினால் வேர்கள் சும்மா படபடக்கும், பிறகு மந்தமாகும். 37 டிகிரி சலைன் வையுங்கள்.

எம்.ஈ.பி. கொடுத்தால் தாடை டக்கென்று கடிக்கும். இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவிலும் காஸ் சுருள் வையுங்கள், நாக்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வைப்பது வைக்காததற்குச் சமம்.

வைகைக்கரை_மயக்கவியல்

பழங்காநத்தம் தம்பி, இருமல் வருவது ரிலாக்சன்ட் இல்லாததால் அல்ல. ஆழம் போதாததால், அல்லது ட்யூப் நுனி மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் (கரைனா) இடிப்பதால். முதலாவதற்கு ஃபென்டனில் மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் ஓடவிடு. டெக்ஸ்மெடிடோமிடினும் அதே அலகில் 0.3 முதல் 0.5 சேர்த்துக்கொள்ளலாம். எலும்பை எடுக்கும்போதும் டூராவை இழுத்துக் கட்டும்போதும் வலி எகிறும், அதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே ஃபென்டனில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் போலஸ். பம்ப் ஒன்றுதான் இருக்கிறது என்றால் செவோவை அரை மேக்கில் வைத்து, அந்த ஒரு பம்பில் ஃபென்டனிலை ஓடவிடு. ஈ.எம்.ஜி. கிடைக்கும், எம்.ஈ.பி. கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, குப்புறப் போடும்போது வருவது. மூக்கு போகிற பக்கம் ட்யூப் நுனியும் போகும். தாடை நெஞ்சை நோக்கி மடங்கினால் ட்யூப் உள்ளே இறங்கும், தலை நிமிர்ந்தால் வெளியே ஏறும். மல்லாக்கப் படுக்கையில் சரியாக இருந்த 14 செ.மீ., குப்புறப் போட்டதும் வலது நுரையீரலுக்குள் போய்விடலாம். திருப்பியவுடன் இரண்டு பக்கமும் ஸ்டெத் வைத்துக் கேட்காமல் கையை எடுக்காதே. மடங்கினாலும் நசுங்காத ஃப்ளெக்ஸோமெட்டாலிக் ட்யூப் நல்லது. எச்சில் பிளாஸ்டரை ஊறவைக்கும், அதனால் டிங்சர் பென்சாயின் தடவி, காய்ந்த பிறகு ஒட்டு.

பம்பை நம்பும் ஆளுக்கு இன்னொரு எமன் உண்டு. கானுலா டிரேப்புக்குள் இருந்து, மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே தோலுக்கடியில் இறங்கினால் பம்ப் அலாரம் அடிக்காது. ப்ரோபோஃபால் ஓடுவதாகத் திரை சொல்லும், குழந்தை விழித்துக்கொண்டிருக்கும். ரிலாக்சன்ட் இல்லாததால் அசைந்தாவது காட்டிக்கொடுக்கும், அந்த வகையில் நல்லது. கானுலா இரண்டு வேண்டும், மருந்து ஓடும் கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளிக்குப் பம்ப் பேட்டரி தாங்குமா என்பதைக் காலையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடு.

ஓடி_சிஸ்டர்_மேலூர்

திருப்புவதைப் பற்றி சாருங்க ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க. குழந்தைக்குப் பாதி ஆபத்து அங்கதான்.

தலையும் ட்யூபும் மயக்க டாக்டர் கையில. எண்ணிக்கை அவர்தான் சொல்லணும், மத்தவங்க அவர் சொல்றப்பதான் திருப்பணும். திருப்புறதுக்கு முன்னால சர்க்யூட்டைக் கழற்றிட்டு, திருப்பினதும் மாட்டுறது நல்லது. மாட்டியபடியே திருப்பினா அதோட இழுப்புலதான் ட்யூப் வெளிய வரும். நெஞ்சுக்குக் குறுக்க ஒரு ஜெல் ரோல், இடுப்பெலும்புக்குக் குறுக்க ஒண்ணு. நடுவுல வயிறு தொங்கணும். என் கை விரிச்சபடி வயித்துக்கும் மேசைக்கும் நடுவுல போயிட்டு வரணும், அதுதான் அளவு. வயிறு அழுந்தினா அங்கருந்து ரத்தம் முதுகெலும்புக்குள்ள இருக்கிற வால்வு இல்லாத சிரைகளுக்குப் போகும். அப்புறம் சர்ஜன் "ஏன் இவ்வளவு ஊறுது" என்று கேட்பார். ரத்தக் கசிவு கூடினா முதல்ல வயித்தைப் பாருங்க, அப்புறம் ரத்த வங்கிக்குப் போன் போடலாம்.

கண் ரெண்டும் மூடி ஒட்டியிருக்கணும், எந்தப் பக்கமும் அழுத்தம் கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருதடவை டார்ச் அடிச்சு குனிஞ்சு பார்த்து சார்ட்டுல குறிக்கணும். கை 90 டிகிரிக்கு மேல விரியக்கூடாது. முழங்கால், கால்விரல் நுனிக்குப் பஞ்சு. அவசரத்துல மல்லாக்கத் திருப்ப ட்ராலி வாசல்லயே நிக்கணும், வார்டுக்குத் திருப்பி அனுப்பிடாதீங்க.

ஏ.சி. விஷயம். மே மாசம் வெளிய 40 டிகிரி கொதிக்கும், கவுன் போட்டவங்க 18-ல வைக்கச் சொல்வாங்க. குழந்தை உள்ள வந்து டிரேப் போடுற வரைக்கும் 24, 25. அப்புறம் இறக்கிக்கலாம். ஈரத்துணி குழந்தைக்கு அடியில் தேங்கக்கூடாது, சூடான காத்து ஊதுற போர்வை முதல்லருந்தே ஓடணும்.

ரத்தக் கணக்கு: 14 கிலோன்னா மொத்த ரத்தமே ஒரு லிட்டர் சொச்சம்தான். நல்லா நனைஞ்ச 10-க்கு 10 காஸ் ஒண்ணு ஏறத்தாழ 10 மி.லி. குடிக்கும். தராசுல காஞ்ச எடையைக் கழிச்சா ஒரு கிராம் ஒரு மி.லி. சக்ஷன் பாட்டிலை நம்பாதீங்க, அதுல தண்டுவட நீரும் கழுவின சலைனும் இருக்கும். ஊத்தின சலைன் எவ்வளவுன்னு போர்டுல எழுதிக்கிட்டே வரணும்.

திருநகர்_பிஜி

நன்றி சிஸ்டர். ஹீமோகுளோபின் 11 என்று வைத்து 8 வரை விடலாம் என்றால், 1050 × 3 ÷ 11, சுமார் 285 மி.லி. வரை தாங்கலாம். சரியா?

வைகைக்கரை_மயக்கவியல்

கணக்கு சரி. 285 வரும்வரை காத்திருக்காதே. 10 சதவீதம், அதாவது 100 மி.லி. தாண்டியதும் ரத்தப்பை தியேட்டருக்குள் வந்திருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் மணிக்கு 48 மி.லி. ரிங்கர் லாக்டேட். உப்பு குறைந்த டெக்ஸ்ட்ரோஸ் கலவை வேண்டாம், சோடியம் இறங்கிவிடும்.

குழந்தைநலம்_தேனி

தியேட்டருக்கு வெளியே கெட்டுப்போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே!

பட்டினி விதி 6, 4, 2. திட உணவும் மாட்டுப்பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2. ஐரோப்பிய வழிகாட்டுதல் தெளிந்த நீரை ஒரு மணி நேரம் முன்வரைகூட அனுமதிக்கிறது. வீட்டுக்காரர்களிடம் "தண்ணி மட்டும்" என்று சொன்னால் போதாது. பருத்திப்பால் தண்ணீர் இல்லை, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த முழு உணவு. வடிகஞ்சியும் தண்ணீர் இல்லை. பால் காபி சொல்லவே வேண்டாம். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வருகிறவர்கள், முந்தின நாள் ஏழு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கொண்டுவருவார்கள். பதினைந்து மணி நேரப் பட்டினி. ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்காது, தூங்க வைத்ததும் பி.பி. விழும். நேரத்தை எழுதிக் கொடுங்கள், 10 மணிக்கு அறுவை என்றால்: "காலை 4-க்குப் பால், 8-க்கு கடைசி டம்ளர் தண்ணீர்" என்று.

சளி இருந்தால் இரண்டு வாரமாவது தள்ளுங்கள். காப்பீட்டு அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களை வீணாக்காமல் இரும்புச்சத்து கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றலாம்.

லேடெக்ஸ். ஸ்பைனா பிஃபிடா, அதாவது பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத குழந்தைகள் பிறந்ததிலிருந்து ரப்பர் குழாயும் ரப்பர் கையுறையும் பட்டே வளர்கிறார்கள், அலர்ஜி அதிகம். "சித்திரைத் திருவிழாவில் பலூன் ஊதினால் உதடு தடிக்குமா? வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்குமா?" என்று கேளுங்கள். "ரப்பர் அலர்ஜி உண்டா" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அன்றைய லிஸ்டில் முதல் கேஸாகப் போட்டு, லேடெக்ஸ் இல்லாத கையுறை, கேதீட்டர் வையுங்கள். அறுவை தொடங்கி அரைமணி, முக்கால்மணி கழித்துக் காரணமில்லாமல் பி.பி. விழுந்து மூச்சுக் குழாய் இறுகினால், கையுறையைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், மயக்க மருந்தால் மூளை மந்தமாகுமா என்று பெற்றோர் கேட்பார்கள். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2016-ல் எச்சரித்தது 3 வயதுக்குக் கீழே, 3 மணி நேரத்துக்கு மேலான அல்லது திரும்பத் திரும்பத் தரும் மயக்கத்தைப் பற்றி. கைக்குழந்தைகளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்ததில் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019-ல் வெளியான ஜி.ஏ.எஸ். (GAS) ஆய்வு காட்டியது. இந்தக் கேஸ் நாலு வயது. அறுவையைத் தள்ளிப்போட்டால் மூத்திரப்பை கெடும், அது திரும்பி வராது.

பழங்காநத்தம்_ஜிஏ

சரி, ரிலாக்சன்ட் வாதத்தை விட்டேன். அறுவைக்குப் பிறகு வலிக்கு என்ன? காடல் (வால் எலும்புப் பக்கம் போடும் மரப்பு ஊசி) போட முடியாதே.

வைகைக்கரை_மயக்கவியல்

தண்டு எல்4 வரை இறங்கியிருக்கும்போது கண்மூடி எந்த ஊசியும் கீழே போகக் கூடாது. இதை ஹெர்னியாவுக்கு வரும் குழந்தைக்கும் ஞாபகம் வை. காடல் போடும் முன் முதுகைத் திருப்பிப் பார். முடிக்கொத்து, குழி, கொழுப்புக் கட்டி, சிவந்த மச்சம் தெரிந்தால் ஊசியைக் கீழே வை.

இங்கே டூராவைத் தைக்கும் முன் சர்ஜனே நேரில் பார்த்து மார்ஃபின் விடலாம், கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 14 கிலோவுக்கு 70. பிரிசர்வேட்டிவ் இல்லாத ஆம்பூலாக இருக்க வேண்டும். 10 மி.கி.யை 10 மி.லி. ஆக்கு, அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கு. இப்போது மி.லி.க்கு 100 மைக்ரோ, வேண்டியது 0.7 மி.லி. ஆம்பூல் 15 மி.கி.யா 10 மி.கி.யா என்று இரண்டு பேர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் ரத்தக்கசிவைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆம்பூல் மேசையிலேயே இருக்கக் கூடாது. தண்டுவட நீருக்குள் போனால் வலிப்பு வந்து உயிர் போகும்.

மார்ஃபின் விட்டால் 24 மணி நேரம் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் மானிட்டர். அதற்கு வார்டில் ஆள் இல்லை என்றால் விடாதே. காயத்தின் ஓரங்களில் 0.25 சதவீத பியூபிவகைன், உச்சம் கிலோவுக்கு 2.5 மி.கி., அதாவது 14 மி.லி. பாராசிட்டமால் 210 மி.கி., 21 மி.லி. "210" என்று மட்டும் எழுதினால் யாராவது மி.லி. என்று படித்து பத்து மடங்கு ஏற்றிவிடுவார்கள். அளவை மி.கி.யிலும் மி.லி.யிலும் சேர்த்தே எழுது.

தண்டுவடம்_தெற்கு

எழுப்பும்போது முக்கித் திமிறினால் டூரா தையல் கசியும். அவசரப்படாமல் மெதுவாக எழுப்பி ட்யூபை எடுங்கள். கண் திறந்ததும் இரண்டு பாதத்தையும் ஆட்டச் சொல்லிப் பார்த்து, அறுவைக்கு முந்தைய குறிப்போடு ஒப்பிட்டு எழுத வேண்டும். முன்னாலேயே ஆடாத பாதத்துக்குப் பின்னால் நாம் பழி ஏற்கக் கூடாது பாருங்கள்.

இரண்டு நாள் தட்டையாக, குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வேண்டும். காயத்துக்கும் மலவாய்க்கும் நடுவில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள். மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து. கட்டு நனைந்தாலோ, உட்கார வைத்ததும் தலைவலி, வாந்தி வந்தாலோ கசிவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். கேதீட்டரை எடுத்த பிறகு மூத்திரம் பெய்தது என்பதோடு விடாமல் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேனில் பாருங்கள்.

ஓடி_சிஸ்டர்_மேலூர்

வார்டுக்கு அனுப்புறதுக்கு முன்னால எல்லாக் கானுலாவையும் எக்ஸ்டென்ஷனையும் சலைன் விட்டுக் கழுவிடுங்க. அதுல நிக்கிற கொஞ்ச மருந்து, வார்டுல ஆன்டிபயாடிக் ஏத்துறப்ப உள்ள போய் மூச்சை நிறுத்தும்.

திருநகர்_பிஜி

திருத்திய திட்டம்: செவோவில் தூங்க வைத்து, அட்ராகூரியம் 7 மி.கி. ஒரே முறை. ப்ரோபோஃபால், ஃபென்டனில் பம்ப். செஃபசோலின் கிலோவுக்கு 30, அதாவது 420 மி.கி., கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், 4 மணி நேரம் தாண்டினால் மறுபடி. கட்டைவிரலில் நாலுக்கு நாலு பார்த்த பிறகு டூரா. பம்ப் லைன் வலது கணுக்காலில், இரண்டாவது கானுலா இடது கையில்.

வைகைக்கரை_மயக்கவியல்

கணுக்கால் டிரேப்புக்குள் போகிறது, நரம்பலையின் ஊசிகளுக்கு நடுவில். பம்ப் லைனை இடது கைக்கு மாற்று, ட்ரெயின் ஆஃப் ஃபோரை வலது கையில் வை.